ஏழாம் வரிசை, நாலாம் கட்டம்

அமுதவள்ளி டீச்சர் பிள்ளைகளை எண்ணினால் ஒன்று கூடுதலாக வரும். பள்ளி விட்டதும் ரோட்டைக் கடத்திவிடுவதற்காக ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வாசலில் வரிசையாக நிறுத்தி எண்ணுவார். இருபத்து மூன்று வரும். மறுபடியும் எண்ணுவார். இருபத்து மூன்றுதான் வரும். மூன்றாம் தடவை ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினால் இருபத்திரண்டு. வருகைப் பதிவேட்டில் இருப்பதும் இருபத்திரண்டு. அதன் பிறகே பிள்ளைகள் ரோட்டைத் தாண்டலாம்.

இது 2023 நவம்பர் 27, திங்கட்கிழமை தொடங்கியது. பள்ளிக்கு எதிரில் இருக்கிறது கண்மாய்ப் பாசனச் சங்கத்தின் அறை. கண்மாயின் நீர்மட்டம், மழையளவு, வெளியே போகும் மண் ஆகியவற்றை அங்கே உட்கார்ந்து முப்பத்தெட்டு வருடமாக எழுதி வருகிறேன். வாசலில் நடப்பது ஜன்னல் வழியே தெரியும்.

டீச்சர் மல்லாங்கிணறில் பிறந்தவர். தகப்பனாருக்கு விதைக்கடை. குதிரைவாலியும் மல்லியும் பருத்தி விதையும் சாக்கு சாக்காக அடுக்கியிருந்த கடையில்தான் எண்களைக் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு பிடி மல்லியை அள்ளி இதில் எத்தனை விதை இருக்கும் என்று அப்பா கேட்பாராம். ஊகித்துச் சொல்லிவிட்டுப் பிறகு எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் ஊருக்கு 2014 ஜூன் 9 அன்று வேலைக்கு வந்தார். திருச்சுழியில் வாடகை வீடு. அங்கிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவார்.

வந்த இரண்டாம் மாதம் நடந்ததை அவரே சொன்னார். கரும்பலகையில் ஐம்பத்தாறிலிருந்து பத்தொன்பதைக் கழிக்கச் சொன்னபோது ஒரு பிள்ளை விழித்துக்கொண்டு நின்றது. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே சுப்பம்மாளின் ஆடுகள் போயின. அதே பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டு, “டீச்சர், ரெண்டு ஆடு கொறையுது” என்றது. எண்ணிய மாதிரியே தெரியவில்லை. சுப்பம்மாள் போய்த் தேடினாள். இரண்டு ஆடுகள் உடைமரத்துக்குப் பின்னால் நின்றன.

மறுநாளே டீச்சர் வகுப்பை வெளியே கொண்டுபோய்விட்டார். பனையின் நிழலை அளந்து பனையின் உயரம் கண்டார்கள். ஒரு கிளையின் வேப்பிலைகளை எண்ணி மரத்தின் இலைகளை ஊகித்தார்கள். எட்டு வருடம் கழித்து ஒரு தடவை, வட்டம் படிக்க வேண்டிய நாளில் சோளத்தட்டை அறுத்த காட்டில் ஏழடிக் கயிற்றில் ஒரு ஆட்டைக் கட்டிவிட்டு, மறுநாள் போய் அது மேய்ந்த வட்டத்தின் சுற்றளவை அளந்தார்கள். நாற்பத்து நாலு அடி வர வேண்டும். நாற்பத்தாறரை வந்தது. பிள்ளைகள் நோட்டில் நாற்பத்து நாலு என்று எழுதப் போனார்கள். ஒரு பையன் மட்டும் எழுதவில்லை.

“ஆட்டுக்குக் கழுத்து இருக்குல்ல டீச்சர்,” என்றான்.

அவன்தான் காளீஸ்வரன், பருத்தி போடும் மருதுபாண்டியின் ஒரே மகன். அப்போது ஐந்தாம் வகுப்பு. அன்றிலிருந்து டீச்சர் ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் ஒன்று சொல்ல ஆரம்பித்தார்: “போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு.”

2023 மார்ச்சில் கண்மாய் வற்றிக் கிடந்தது. மார்ச் 13 முதல் 17 வரை ஐந்து நாள், நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கண்மாயின் தரையை அளந்தார்கள். கொத்தனார் இம்மானுவேல் தன்னுடைய ட்யூப் மட்டத்தை இரவல் கொடுத்தார். தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ட்யூபின் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பது அதை வைத்துத்தான். பிள்ளைகள் முப்பதடிக் கயிற்றால் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு வேப்பங்குச்சியை முளையாக அடித்தார்கள். வரிசை எண்ணையும் கட்ட எண்ணையும் முளையில் சிவப்புப் பெயின்டால் எழுதியவன் காளீஸ்வரன். மடையில் நான் தினமும் மட்டம் பார்க்கும் அளவுகல்லின் பூஜ்ஜியத்திலிருந்து ஒவ்வொரு முளையடியும் எவ்வளவு உயரம் என்பதை ஒரு பெரிய சார்ட்டில் குறித்தார்கள். ஏழாம் வரிசை, நாலாம் கட்டம்: இரண்டரை அடி.

சார்ட்டு வகுப்பறைச் சுவரில் ஏறியது. கண்மாய் பெருகியதும் கல்லில் மட்டம் பார்த்து, அதிலிருந்து கட்டத்தின் எண்ணைக் கழித்தால் அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துவிடும். காரியாபட்டியிலிருந்தும் ஆசிரியர்கள் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கோடையில் எங்கள் பக்கம் கண்மாயின் கரம்பை மண்ணை வெட்டிக் காட்டுக்கு அடிப்பார்கள். அந்த வண்டல் போட்டால் பருத்தி நன்றாக வரும். அந்த வருடமும் அனுமதி வாங்கி அடித்தார்கள். யார், எந்தத் தேதி, எத்தனை டிராக்டர் நடை, எந்த இடம் என்பதை நான் எழுதினேன். ஆழம் எழுத என் பதிவேட்டில் பத்தி கிடையாது.

என் பதிவேடும் டீச்சரின் சார்ட்டும் ஒரே ரோட்டின் இரண்டு பக்கத்தில் இருந்தன. இரண்டையும் யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியது. நவம்பர் 24, வெள்ளிக்கிழமை, அளவுகல்லில் நாலு அடி. பிள்ளைகள் வந்து என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அன்றைய கணக்கு ஏழாம் வரிசை, நாலாம் கட்டம். காளீஸ்வரன் நாலிலிருந்து இரண்டரையைக் கழித்து ஒன்றரை என்றான். மளிகைக்கடை ராஜகுருவின் மகள் கிருஷ்ணப்ரியா இரண்டையும் கூட்டி ஆறரை என்றாள்.

“ஆறரையாம். ஒங்கப்பா கடையிலயும் இப்படித்தான் கூட்டுறாகளா?”

“ஒனக்கு மட்டும்தான் எல்லாம் தெரியுமாக்கும். எறங்கிப் பாத்தியா நீயி?”

மணி அடித்துவிட்டது. டீச்சர், “சண்டை வேணாம். திங்கக்கிழமை பாப்போம்” என்றார்.

காளீஸ்வரன் திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. சனிக்கிழமை காலை அகத்திக் கம்பு ஒன்றில் அடிக்கு ஒரு வெட்டாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனான். முழங்காலுக்கு மேல் கொஞ்சம்தான் தண்ணீர் இருக்கும் என்பது அவன் நோட்டில் இருந்தது. கீழே ‘சரி பார்க்கணும்’ என்றும் எழுதியிருந்தான். பத்து மணிக்குக் கம்பு மடைப்பக்கம் மிதந்து வந்தது. பன்னிரண்டே கால் மணிக்கு அவனை எடுத்தார்கள். எடுத்த இடம் அவன் இறங்கிய இடமில்லை. தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. அன்றும் கல்லில் நாலு அடிதான்.

விசாரணை நடந்தது. விடுமுறை நாளில் பையன் தானாகப் போனது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஊரிலோ இரண்டு பேச்சு இருந்தது. டீச்சர் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்றது ஒன்று. பையன் கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான் என்றது மற்றொன்று. இரண்டாவதுதான் அதிகம் பேசப்பட்டது. செத்தவன் மேல் போட்டுவிட்டால் உயிரோடு இருக்கிற யாருக்கும் சங்கடமில்லை.

டீச்சர் சார்ட்டைச் சுருட்டி ட்யூப் மட்டம், கயிறு எல்லாவற்றோடும் பீரோவில் வைத்துப் பூட்டினார். அகத்திக் கம்பும் அதற்குள்தான் இருந்தது. அதன் பிறகு கணக்கு கரும்பலகையில் மட்டும் நடந்தது. “போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு” என்பதை அவர் வாயால் யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமையும் அதைத்தான் சொன்னோமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கிருஷ்ணப்ரியாவை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்.

“அன்னைக்கி நான் என்னடா சொன்னேன்?”

“திங்கக்கிழமை பாப்போம்னு சொன்னீங்க டீச்சர்.”

டிசம்பரில் கேட்டார். பொங்கல் கழித்துக் கேட்டார். மார்ச்சிலும் கேட்டார். பிள்ளை அதே பதிலைத்தான் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கும் ஒன்று நேர்ந்திருந்தது. கூட்டல் கணக்கு வந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவாள்.

மருதுபாண்டி ஒவ்வொரு மாதமும் இருபத்தைந்தாம் தேதி, அன்று லீவு என்றால் அதற்கு முந்தின பள்ளி நாளில், வருவான். பள்ளி விட்டு, பிள்ளைகளை எண்ணி அனுப்பி முடிக்கும் வரை வேம்படியில் நிற்பான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வகுப்பறைக்குள் வந்து ஒரே கேள்வி கேட்பான்.

“எம் மகன் கணக்கைத் தப்பாப் போட்டானா டீச்சர்?”

“இல்லங்க. சரியாத்தான் போட்டிருந்தான்.”

“அப்ப ஏன் டீச்சர்?”

டீச்சர் கரும்பலகையை அழிக்கத் திரும்பிவிடுவார். அவன் “வாரேன்” என்று போய்விடுவான். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று நாலு மாதம் இப்படி நடந்தது.

2024 ஏப்ரலில் கண்மாய் வற்றியது. 21-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் சார்ட்டையும் ட்யூபையும் எடுத்துக்கொண்டு தனியாக வந்தார். ட்யூபுக்கு மறுமுனை பிடிக்க ஆள் வேண்டுமே என்று என்னைக் கூப்பிட்டார். முளைகள் பெரும்பாலும் போயிருந்தன. மடையிலிருந்து கயிறு போட்டு வரிசை எண்ணிக்கொண்டே போனோம். ஏழாம் வரிசையில் நாலாம் கட்டத்துக்குக் கால் வைக்க இடமில்லை. மண் வெட்டிய பள்ளம், பெரிய கிடங்கு. இறங்கி மட்டம் பார்த்தோம். பூஜ்ஜியத்துக்குக் கீழே இரண்டரை அடி. தரை இருந்த இடத்திலிருந்து ஐந்தடி போயிருந்தது.

டீச்சர் கிடங்குக்குள் நின்றபடியே கையில் இருந்த சாக்பீஸால் சார்ட்டின் பின்பக்கம் எழுதினார். நாலும் இரண்டரையும். கூட்டினால் ஆறரை.

“கிருஷ்ணப்ரியா சொன்னது,” என்றார். பிறகு சார்ட்டைப் பார்க்காமல் கேட்டார்: “இது யாரு தோண்டுனது ஐயா?”

சங்க அறைக்கு வந்து போன வருடப் பதிவேட்டைத் திறந்தேன். 2023 ஜூன் 9, 10, 11. மடைக்கு வடகிழக்கே, மூன்றாவது கருவேலத்துக்கு நேர். நாங்கள் இறங்கி நின்ற அதே இடம். முப்பத்தொரு நடை. மருதுபாண்டி.

அவர் அந்த வரியில் விரல் வைத்துத் தேதியிலிருந்து பெயர் வரை படித்தார். எல்லோருடைய கிடங்குகளும் அங்கே ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. தண்ணீர் நின்றால் எல்லாம் ஒரே பரப்பு. சார்ட்டின் கட்டம் எங்கே விழுகிறது என்று மருதுபாண்டிக்குத் தெரிய வழியில்லை. தன் கிடங்கு அவனுக்குத் தெரியும், மகன் போன கட்டம் தெரியாது.

“இதை யாருகிட்டயும் காட்டாதீங்க ஐயா.”

“கேட்டா இல்லைன்னு சொல்ல முடியாதும்மா. எழுதினது இருக்கு.”

“அவரு கேக்க மாட்டாரு. எங்கிட்டத்தான் கேப்பாரு. இருபத்தஞ்சாம் தேதி நீங்களும் வந்து இருங்க.”

வியாழக்கிழமை, இருபத்தைந்தாம் தேதி, நாலு இருபதுக்கு மருதுபாண்டி உள்ளே வந்தான். என்னைப் பார்த்ததும், “பெரியப்பாவும் இருக்கீகளா” என்றான். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவன் வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

டீச்சர் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். “ஒங்க பையன் கணக்கு சரிங்க. நான் சார்ட்டுல போட்டுக்குடுத்த எண்ணு தப்பு. ட்யூபைச் சரியாப் பிடிக்கல. போய் அளந்து பாத்துட்டேன். தப்பு என்னோடது.”

மருதுபாண்டி வேட்டி மடியிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தான். ஒரு சாண் நீளமுள்ள வேப்பமுளை. முனை கறுத்திருந்தது. சிவப்புப் பெயின்டு பாதி உரிந்தும் எண் தெளிவாகத் தெரிந்தது. 7-4.

“பருத்திமாரை வேரோட புடுங்குறப்ப கெடச்சுது டீச்சர். தை மாசம். எங்காட்டுல இது எப்படி வந்துச்சுன்னு மொதல்ல வெளங்கல. நாலு போட்டா மேல மூடமாட்டான், தெறந்து விட்டுருவான். அவன் கைதான்னு தெரிஞ்சுச்சு. அப்புறம் நோட்டை எடுத்துப் பாத்தேன். அதுலயும் அதே நம்பரு.”

டீச்சர் முளையைத் தொடவில்லை.

“மூணடிக்கு மேல தோண்டக்கூடாதுன்னாக. அந்த எடத்துல கரம்பை கறுப்பா, வெண்ணெய் கணக்கா இருந்துச்சு. இன்னும் ரெண்டு நடை, இன்னும் ரெண்டு நடைன்னு அடிச்சேன். அவனும் டிராக்டர்ல கூட உக்காந்து வந்தான். நடையை எண்ணுனதே அவன்தான். முப்பத்தொண்ணுப்பா, போதும்னான். முளை மண்ணோட மண்ணா ஏறுனதை அவனும் பாக்கல, நானும் பாக்கல.”

“தையிலயே தெரிஞ்சுமா மாசாமாசம் வந்து கேட்டீங்க?” என்றார் டீச்சர்.

“ஊருல பூராவும் பய கணக்கைத் தப்பாப் போட்டுட்டான்னு சொல்லுதாக. சரின்னு சொல்றது நீங்க ஒராளுதான் டீச்சர். அதைக் கேக்க வந்தேன்.” பிறகு சொன்னான்: “அதுக்காக நீங்க பொய் சொல்ல வேணாம்.”

டீச்சர் பீரோவைத் திறந்து அகத்திக் கம்பை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் வெட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். ஒன்றரை அடியில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது.

மே 2 அன்று காலை மருதுபாண்டியின் டிராக்டர் மடையோரம் வந்து நின்றது. பெட்டி நிறைய மண். அவனுடைய பருத்திக்காட்டின் மேல்மண். நாலாம் கட்டத்துக் கிடங்கில் கொட்டிவிட்டுத் திரும்பிப் போனான். எனக்கு எழுத இடமில்லை. என் பதிவேட்டில் ‘எடுத்தது’ என்ற பத்தி மட்டும்தான் உண்டு. பக்கத்தில் ஸ்கேலால் ஒரு கோடு போட்டு ‘கொண்டுவந்தது’ என்று எழுதினேன்.

கரைமேல் உட்கார்ந்திருந்த சங்கையாவுக்கு வாய் சும்மா இருக்காது. “ஏலே மருது, ஊரே கண்மாயில இருந்து காட்டுக்கு அடிக்குது. நீ காட்டுல இருந்து கண்மாய்க்கு அடிக்கிற. பருத்தி இங்கிட்டா போடப்போற?”

மருதுபாண்டி அவரைப் பார்த்து, “எடுத்த எடத்துல போடுறேன் மாமா” என்றான். சங்கையா பீடியை அணைத்தார். அதற்குப் பிறகு அவர் அது பற்றிப் பேசியதில்லை. பையன் தப்பாகப் போட்டுவிட்டான் என்று ஊரில் சொல்வதும் அந்த வாரத்தோடு நின்றது.

ஒன்பது நாளில் முப்பத்தொரு நடை. கிடங்கு நிறைந்து மேலே மேடு தட்டியது. மே மாதத்தில் இரண்டு கோடைமழை: 17-ஆம் தேதி 22 மில்லிமீட்டர், 20-ஆம் தேதி 31. மேடு அமுங்கியது.

பள்ளி ஜூன் 10 அன்று திறந்தது. மருதுபாண்டி வீடு வீடாகப் போனான். கண்மாய் வறண்டு கிடக்கிறது, கூடவே நான் நிற்கிறேன், பிள்ளைகளை ஒரு நாள் மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டான். ராஜகுரு கடைசியாகத்தான் சம்மதித்தார். “ஒன் வாயால கேக்குறப்ப நான் எப்படி மாட்டேங்கிறது” என்றாராம்.

ஜூன் 21, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு, ஏழாம் வகுப்புக்குப் போயிருந்த அதே பிள்ளைகள் கயிறும் ட்யூபுமாகக் கண்மாய்க்குள் இறங்கினார்கள். அந்தக் கட்டத்தை மறுபடி அளந்து சார்ட்டில் போட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். வேறொன்றும் சொல்லவில்லை. ஏப்ரலில் நாங்கள் எடுத்த கிடங்கின் அளவைக் கொடுத்தார்: நீளம் இருபத்தைந்து, அகலம் இருபது, ஆழம் ஐந்து அடி. ஒரு டிராக்டர் பெட்டிக்கு நூறு கன அடி.

பிள்ளைகள் தரையில் குச்சியால் எழுதிப் பெருக்கினார்கள். இருபத்தைந்து நடை என்று வந்தது. கிருஷ்ணப்ரியா என் பதிவேட்டை எட்டிப் பார்த்தாள்.

“இதுல முப்பத்தொண்ணுன்னு இருக்கு தாத்தா. எது தப்பு?”

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் மருதுபாண்டியைப் பார்த்தார்.

“ரெண்டும் சரிதான் தாயி,” என்றான் மருதுபாண்டி. “வெட்டுன மண்ணு பொங்கும். கொட்டுன மண்ணு அமுங்கும். நீ போட்டது கெடங்கோட கணக்கு. பெரியப்பா எழுதியிருக்கது வண்டியோட கணக்கு.”

அவள் இரண்டு எண்களையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டாள். கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை.

நாலாம் கட்டத்தின் நடுவில் அளவுக்கம்பை நிறுத்த ஒரு ஆள் வேண்டும். பிள்ளைகள் யாரும் அங்கே கால் வைக்கவில்லை. மண் இறுகிவிட்டது என்று சொல்லியும் விளிம்பிலேயே நின்றார்கள். மருதுபாண்டி போய் நின்று அகத்திக் கம்பைச் செங்குத்தாகப் பிடித்தான். மடைக்கல்லிலிருந்து கட்டம் கட்டமாக மட்டத்தைக் கொண்டுவந்து ட்யூபின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையைக் கிருஷ்ணப்ரியா கம்போடு சேர்த்துப் பிடித்தாள். விளிம்பிலிருந்து அவள் கைதான் நீண்டது. கால் நகரவில்லை.

இரண்டே கால் அடி வந்தது. மூன்று அங்குலம் குறைவு.

“இன்னும் ஒரு நடை அடிக்கணும்,” என்றான் மருதுபாண்டி. டீச்சர் சார்ட்டில் எழுதவில்லை. அவன் அப்போதே போய் அடித்துக்கொண்டு வந்து கொட்டினான். பிள்ளைகள் கருவேல நிழலில் காத்திருந்தார்கள். மண்ணை நிரவி, மிதித்து, மறுபடி கம்பைப் பிடித்தான். பன்னிரண்டு பத்துக்கு இரண்டரை அடி. முப்பத்திரண்டாம் நடை என்று நான் எழுதிக்கொண்டேன். பழைய முளையையே நடுவில் அடித்தார்கள்.

ரோட்டுக்குப் போகும் முன் டீச்சர் கரைமேல் நின்று பிள்ளைகளை எண்ணினார். இருபத்து மூன்று என்று வந்தது. முகம் மாறி என்னைப் பார்த்தார். நானும் எண்ணினேன். எனக்கும் இருபத்து மூன்றே வந்தது. வரிசையின் கடைசியில், அகத்திக் கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளின் உயரத்துக்குக் குனிந்து காலில் ஒட்டிய மண்ணை வழித்துக்கொண்டிருந்தான் மருதுபாண்டி.

டீச்சர் மறுபடி எண்ணவில்லை. “போகலாம்” என்றார்.